வீதியிலும் சதுக்கத்திலும் நிற்கும் கலைப்படைப்பைப் பார்ப்பது எப்படி?

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் அதற்கென்று நேரம் ஒதுக்கி, நுழைவுச்சீட்டு வாங்கி, கலையைப் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்போடு உள்ளே நுழைகிறார். வீதியில் இருக்கும் படைப்போ, அலுவலகத்துக்கு விரைகிறவரையும் பேருந்தைத் தவறவிட்டு நிற்பவரையும் ஒன்றுபோலவே எதிர்கொள்கிறது. எந்தத் தயாரிப்பையும் அது கேட்பதில்லை. அதனாலேயே அதை எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். பயணம் போன இடத்தில்கூட, பெயர்பெற்ற சிற்பத்தின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் பார்த்தாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு படைப்புக்கு அரை மணி நேரமாவது கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு, அந்த அரை மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன் ஒரு கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: இதே படைப்பைப் பெயர்த்தெடுத்து வேறொரு நகரத்தில், வேறொரு சதுக்கத்தில் வைத்தால் அது என்னவாகும்? பொதுவெளிக் கலையில் ஒரு பாதி கலைஞர் செய்த பொருளில் இருக்கிறது. மறுபாதி, அது நிற்கும் தரையிலும், சுற்றியுள்ள கட்டடங்களிலும், அங்கே முன்பு நடந்தவற்றிலும், அவ்வழியே நடப்பவர்களிடத்திலும் இருக்கிறது. பின்வரும் வழிமுறைகள் எல்லாமே இந்த மறுபாதியைக் காண்பதற்கானவை.

முதலில் நடங்கள், பலகையைப் பிறகு படியுங்கள்

படைப்பின் அருகில் பெரும்பாலும் பெயரும் ஆண்டும் பொறித்த பலகை ஒன்று இருக்கும். அதைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். பலகையைப் படித்த கண், படித்ததைச் சரிபார்க்கும் வேலையை மட்டுமே செய்யும். முதலில் தொலைவிலிருந்து பாருங்கள். சதுக்கத்துக்குள் வரும் வழிகள் எத்தனை, ஒவ்வொரு வழியிலிருந்தும் படைப்பின் எந்தப் பக்கம் முதலில் தென்படுகிறது என்று கவனியுங்கள். பிறகு முழுவதுமாக ஒரு சுற்று வாருங்கள். அதன் பின்னர் கைக்கு எட்டும் தொலைவுக்குப் போங்கள். உள்ளே நுழையவோ அடியில் நடக்கவோ இடமிருந்தால், அதையும் தவறவிடாதீர்கள்.

சிகாகோ நகரின் மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் அமைத்த ‘கிளவுட் கேட்’ இந்த முறைக்குத் தக்க பயிற்சிக்களம். 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புகளின் தடமே தெரியாதபடி தேய்த்து மெருகேற்றி 2006-இல் முடிக்கப்பட்ட இந்தப் படைப்பு 10 மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமும் கொண்டது. தொலைவிலிருந்து பார்க்கும்போது அதன் மேற்பரப்பில் வானமும் வளைந்த கட்டட வரிசையும்தான் தெரியும். பார்க்கிறவர் அதில் இல்லை. நெருங்க நெருங்க அவர் ஒரு புள்ளியாகத் தோன்றி வளர்கிறார். வளைவின் அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், குழிந்து மேலேறும் உட்பரப்பில் ஒரே ஆள் பலவாகப் பிரிந்தும் நீண்டும் தெரிவார். மூன்று தொலைவுகளில் மூன்று வெவ்வேறு அனுபவங்கள். வெளியே நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார். நம் கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: இதை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் எஃகு அப்படியே இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது முற்றிலும் மாறிவிடும், ஏனென்றால் அதன் மேற்பரப்பு முழுவதையும் நிரப்பியிருப்பது அந்த நகரம்தான்.

பெர்லினில், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்காகப் பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தை வெளியே நின்று மதிப்பிடவே முடியாது. 2,711 கான்கிரீட் பாளங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. தெருவோரத்திலிருந்து பார்த்தால் அவை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றும். உள்ளே நடக்கத் தொடங்கியதும்தான் தரை இறங்குவதும் பாளங்கள் தலைக்கு மேல் உயர்வதும் தெரியவரும்; உயரமானவை 4 மீட்டரையும் தாண்டுகின்றன. பாளங்களுக்கு இடையேயான வழி 95 சென்டிமீட்டர் அகலமே என்பதால் இருவர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க இயலாது. குடும்பமாக வந்தவர்களும் பிரிந்துதான் போக வேண்டும். சற்று முன் அருகில் இருந்தவர் எந்தத் திருப்பத்தில் மறைந்தார் என்று தெரியாமல் நிற்கும் அந்தக் கணத்தைப் படத்தில் பிடிக்க இயலாது. பாளம் விட்டுப் பாளம் தாவுவதற்கு அங்கே தடை உண்டு. ஆயினும் அதைச் செய்கிறவர்களை எப்போதும் காணலாம்.

கண்மட்டத்துக்குக் கீழும் மேலும்

பொதுவெளிக் கலை என்றாலே உயரமான பீடத்தில் நிற்கும் பெரிய உருவம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. நான் பெரிதும் மதிக்கும் சில படைப்புகள் காலடியில் கிடக்கின்றன. பெர்லினின் பேபல் சதுக்கத்தில் 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகங்களை எரித்தார்கள். அதே இடத்தில் இஸ்ரேலியக் கலைஞர் மீகா உல்மன் 1995-இல் நிலத்துக்கடியில் ஓர் அறை அமைத்தார். தரையில் பதித்த கண்ணாடி வழியே குனிந்து பார்த்தால், ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் கொள்ளக்கூடிய வெள்ளை அலமாரிகள் வெறுமையாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் வானமும் நம் முகமும்தான் பிரதிபலிக்கும். உள்ளிருக்கும் விளக்கு தெளிவாக எழுந்து தெரிவது இருட்டிய பிறகே. ஆகவே மாலைக்குப் பின் போவது நல்லது.

அதைவிடச் சிறியவை, ஜெர்மானியக் கலைஞர் குந்தர் டெம்னிக் 1990-களில் தொடங்கிப் பதித்துவரும் ‘ஸ்டோல்பர்ஸ்டைன’ என்னும் நினைவுக்கற்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள கான்கிரீட் கட்டியின் மேல் பித்தளைத் தகடு. நாஜி ஆட்சியில் துன்புறுத்தப்பட்ட ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, அவருக்கு நேர்ந்த முடிவு ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலிலேயே அந்தக் கல் நடைபாதையில் பதிக்கப்படுகிறது. 2023-இல் இவற்றின் எண்ணிக்கை 1,00,000 ஆனது. இவற்றைப் பார்க்கும் முறை எளியது: குனிந்து பெயரைப் படியுங்கள், பிறகு நிமிர்ந்து எதிரே இருக்கும் கதவைப் பாருங்கள். அந்த இரண்டாவது பார்வை இல்லாவிட்டால் அது வெறும் தகடு. பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் பொருளே இழந்துபோகும் படைப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மேலே பார்க்கும் பழக்கத்துக்கும் பயிற்சி வேண்டும். ஆண்டனி கோர்ம்லி தம் உடலை அச்செடுத்து உருவாக்கிய 31 மனித உருவங்களை 2007-இல் லண்டனிலும் 2010-இல் நியூயார்க்கிலும் தெருக்களிலும் கட்டடங்களின் விளிம்புகளிலும் நிறுத்தினார். மாடியில் நிற்பவர் யாரோ குதிக்கப்போகிறார் என்று மக்கள் பதறக்கூடும் என்பதால் நியூயார்க் காவல்துறை முன்கூட்டியே விளக்கம் தர நேர்ந்தது. முதல் உருவத்தைக் கண்டதும் அடுத்தது எங்கே என்று கண் தேடத் தொடங்கிவிடும்; அந்தத் தேடலில், நாள்தோறும் கடந்தும் ஒருபோதும் பார்த்திராத மாடிகளையும் கூரைகளையும் மக்கள் பார்த்தார்கள்.

போலந்தின் விராத்ஸ்வாஃப் நகரில், சாலையின் ஒரு பக்க நடைபாதையில் வெண்கல மனிதர்கள் சிறிது சிறிதாகத் தரைக்குள் அமிழ்கிறார்கள்; சாலைக்கு எதிர்ப்புறத்தில் மீண்டும் எழுந்து வருகிறார்கள். யெர்ஸி கலினாவின் இந்த 14 உருவங்களும் 2005 டிசம்பரில், அந்நாட்டில் 1981-இல் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட நாளின் ஆண்டு நிறைவையொட்டி வைக்கப்பட்டன. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கதையில் பாதிதான் கையில் இருக்கும். சாலையைக் கடந்துபோங்கள்.

யார் வைத்தார்கள், யாரைக் கேட்டு வைத்தார்கள்?

கால்கள் தம் வேலையை முடித்த பிறகு பலகையைப் படிக்கலாம். பெரும்பாலான பலகைகள் கலைஞரின் பெயர், ஆண்டு, பொருள், நன்கொடையாளர் என்ற நான்கு தகவல்களோடு முடிந்துவிடுகின்றன. உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: பணம் யாருடையது, இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் யார், அங்கே தினமும் நடமாடுகிறவர்களிடம் எவரேனும் கருத்துக் கேட்டார்களா?

நியூயார்க்கின் ‘சார்ஜிங் புல்’ காளையை எடுத்துக்கொள்ளுங்கள். 3 டன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த வெண்கலக் காளையை ஆர்ட்டுரோ டி மோடிகா தம் சொந்தப் பணத்தில் செய்து, 1989 டிசம்பரில் எவருடைய அனுமதியும் இல்லாமல் இரவோடு இரவாகப் பங்குச்சந்தைக் கட்டடத்தின் முன் கொண்டுவந்து இறக்கினார். 1987-இன் பங்குச்சந்தை வீழ்ச்சியிலிருந்து மீண்ட நகரத்துக்கு அவர் அளித்த பரிசு அது. அதிகாரிகள் அகற்றினார்கள், மக்கள் விரும்பியதால் சில நாள்களிலேயே அருகிலிருந்த பௌலிங் கிரீன் பகுதியில் அதற்கு இடம் கிடைத்தது. 2017 மார்ச்சில், மகளிர் நாளுக்கு முந்தைய தினம், ஒரு முதலீட்டு நிறுவனம் கிறிஸ்டன் விஸ்பல் செய்த ‘பயமறியாப் பெண்’ சிலையைக் காளைக்கு நேரெதிரே நிறுத்தியது. இடுப்பில் கைவைத்து நிற்கும் சிறுமி எதிரே வந்ததும், நம்பிக்கையின் சின்னமாகச் செய்யப்பட்ட காளை ஒரே நாளில் தாக்க வரும் விலங்காகிவிட்டது. காளையில் ஒரு கீறல்கூட விழவில்லை. எதிரே இருந்த வெற்றிடம் மட்டுமே நிரம்பியது. தம் படைப்பின் பொருள் சிதைக்கப்பட்டதாக டி மோடிகா எதிர்ப்புத் தெரிவித்தார். 2018 இறுதியில் சிறுமியின் சிலை பங்குச்சந்தைக் கட்டடத்தின் முன் இடம்பெயர்ந்தது. காளையின் எதிரே அவள் நின்ற இடத்தில் காலடித் தடங்கள் பொறித்த தகடு வைக்கப்பட்டது. அந்தச் சிறுமியின் துணிவைப் பாராட்டியவர்களில் பலர், அந்தச் சிலை நிதித் திட்டம் ஒன்றுக்கான விளம்பரமாகவும் இருந்ததைக் கவனிக்கவில்லை. பணம் யாருடையது என்ற கேள்வியை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இடமும் படைப்பும் ஒன்றோடொன்று மோதிய மிகக் கசப்பான நிகழ்வும் அதே நகரில்தான் நடந்தது. ரிச்சர்ட் செர்ரா, அரசு நிறுவனம் ஒன்று கேட்டுக்கொண்டதன்பேரில், மன்ஹாட்டனின் ஃபெடரல் பிளாசா முற்றத்தில் 1981-இல் ‘டில்ட்டட் ஆர்க்’ என்ற படைப்பை நிறுவினார். 36 மீட்டருக்கும் மேல் நீளமும் ஆளுயரத்தைப்போல் இரு மடங்கு உயரமும் கொண்ட, சற்றே சாய்ந்து வளைந்த துருநிற எஃகுச் சுவர் அது. முற்றத்தைக் குறுக்கே வெட்டியதால், அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நேரே நடக்க முடியாமல் சுற்றிப் போக நேர்ந்தது. தம் நடையையும் தாம் நிற்கும் வெளியையும் மக்கள் உணர வேண்டும் என்பதே செர்ராவின் நோக்கம். உணர்ந்தார்கள், அதனால்தான் வெகுண்டார்கள். 1985-இல் நடந்த பொது விசாரணையில் சுவர் இருக்க வேண்டும் என்று 122 பேரும் அகற்ற வேண்டும் என்று 58 பேரும் பேசினார்கள். ஆயினும் விசாரணைக் குழு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அகற்றப் பரிந்துரைத்தது. இந்த இடத்துக்கென்றே செய்ததை இங்கிருந்து எடுப்பது அதை அழிப்பதாகும் என்று வாதாடிய செர்ரா நீதிமன்றத்திலும் தோற்றார். 1989 மார்ச் 15 இரவில் சுவர் மூன்று துண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டது. என் கருத்தில் இருதரப்பிலும் நியாயம் இருந்தது. நாள்தோறும் அந்த முற்றத்தைக் கடக்க வேண்டியவர்களின் எரிச்சலை, கலை தெரியாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. எரிச்சலூட்டும் படைப்பெல்லாம் அகற்றப்பட வேண்டும் என்றால் நகரங்களில் பூந்தொட்டிகள் மட்டுமே மிஞ்சும் என்பதையும் மறுக்க முடியாது. நீங்கள் பார்க்கும் எந்தப் படைப்பின் முன்னும், தினமும் இதைக் கடப்பவர் என்ன நினைப்பார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகாகோவின் டேலி பிளாசாவில் 1967-இல் திறக்கப்பட்ட பிக்காசோவின் 15 மீட்டர் உயரச் சிற்பம் இதற்கு எதிர்த்திசையில் போன கதை. அது பெண்ணா, பறவையா, நாயா என்று திறப்பு விழா நாளிலேயே பூசல் எழுந்தது. அமெரிக்காவுக்கு ஒருமுறைகூடச் சென்றிராத பிக்காசோ, தமக்கு அளிக்கவிருந்த 1,00,000 டாலரை மறுத்து வடிவத்தை நகரத்துக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அதே சதுக்கத்தில் பின்னால் நிற்கும் கட்டடம் எந்த வகை எஃகால் ஆனதோ அதே எஃகால் சிற்பமும் செய்யப்பட்டிருப்பதை அங்கே போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சரிந்த அடிப்பகுதியில் குழந்தைகள் சறுக்கி விளையாடத் தொடங்கியதும் பூசல் அடங்கியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பயன்பாடுதான் பல நேரங்களில் விமர்சனத்தைவிட வேகமாக ஒரு படைப்பை ஊரோடு சேர்த்துவைக்கிறது.

சில படைப்புகள் தற்காலிகமாக வந்து, நிலைத்துவிடுகின்றன. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் எதிரே நிற்கும் ‘உடைந்த நாற்காலி’ 12 மீட்டர் உயரமுள்ள மர நாற்காலி. அதன் ஒரு கால் வெடித்துச் சிதறியதுபோல முறிந்திருக்கும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட வேண்டும் என்று வலியுறுத்துவதற்காக டானியல் பெர்செ வடிவமைத்த அது, 1997-இல் மூன்று மாதங்களுக்கென்று வைக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. எதிரே வரிசையாகப் பறக்கும் நாட்டுக் கொடிகளையும் நாற்காலியையும் ஒரே பார்வையில் காணும்படி நில்லுங்கள். அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பது தானே விளங்கும்.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், 1841-இல் நான்காம் வில்லியம் மன்னரின் குதிரைச் சிலைக்காகக் கட்டி, பணம் போதாமல் வெறுமையாக விடப்பட்ட நான்காவது பீடத்தில் 1999 முதல் தற்காலப் படைப்புகள் மாறி மாறி வைக்கப்படுகின்றன. நம் கேள்விக்கு நேரடியான சோதனை ஒன்று அங்கே நடந்தது. யிங்கா ஷோனிபரே 2010-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் போர்க்கப்பலைச் சிறிதாக்கிப் பெரிய புட்டிக்குள் வைத்தார். அதன் 37 பாய்களும் ஆப்பிரிக்க உடைகளோடு சேர்த்துப் பேசப்படும் வண்ணத் துணிகளால் ஆனவை. அதே சதுக்கத்திலுள்ள நெல்சன் தூணின் அருகில் அது நின்றபோது, கடற்படை வெற்றி திறந்துவிட்ட வணிகத்தையும் குடியேற்றத்தையும் பற்றி அது தூணோடு வாதிட்டதுபோல் இருந்தது. பின்னர் பொதுமக்கள் நன்கொடையால் வாங்கப்பட்டு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அங்கேயும் அழகாகத்தான் இருக்கிறது. வாதிடுவதற்குத் தூண் மட்டும் இல்லை.

எதனால் ஆனது, எப்படி நிற்கிறது?

கைக்கெட்டும் தொலைவில் நிற்கும்போது பொருளைக் கவனியுங்கள். வெளியில் நிற்கும் பெரிய சிற்பங்களில் அடிக்கடி காணப்படும் ஆரஞ்சு கலந்த பழுப்புநிற எஃகு, பராமரிப்பின்றித் துருப்பிடித்துப் போனதன்று. செம்பு, குரோமியம் முதலியவை சேர்ந்த கோர்டென் எனப்படும் எஃகில் முதலில் படியும் துருவே கெட்டியான மேலடுக்காகி, உள்ளே அரிப்பு பரவாமல் மட்டுப்படுத்துகிறது. மழை பட்டும் உலர்ந்தும் வருவதால்தான் அந்த அடுக்கு உருவாகும். முதல் சில ஆண்டுகளில் அது அடியிலுள்ள கல்தரையில் கறை விடும் என்பதால், சிற்பத்தின் கீழே சரளைக்கல்லோ வடிகாலோ அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

வெண்கலத்தில் எந்த இடம் பளபளக்கிறது என்பது மக்கள் எங்கே தொட்டார்கள் என்பதன் பதிவு. சார்ஜிங் புல்லின் மூக்கும் கொம்புகளும் அப்படித்தான் மின்னுகின்றன. தொடுவதற்கும் ஓர் எல்லை உண்டு: இத்தாலியின் வெரோனா நகரிலிருந்த ஜூலியட் சிலை, நற்பேறு கிடைக்கும் என்று பயணிகள் தொட்டுத் தொட்டே சேதமடைந்ததால், 2014-இல் அதன் இடத்தில் நகல் வைக்கப்பட்டது. பலகையில் தொடக்கூடாது என்று இல்லாவிட்டாலும், வண்ணம் பூசிய பரப்பையும் மெல்லிய தகட்டையும் தொடாமலிருப்பதே நல்லது.

பிறகு, காற்றை நினைத்துப்பாருங்கள். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகர் அருகே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மேட்டில் கோர்ம்லி 1998-இல் எழுப்பிய ‘வடக்கின் தேவதை’ 20 மீட்டர் உயரம். சிறகுகளின் அகலமோ 54 மீட்டர். இவ்வளவு அகலமான எஃகுப் பரப்பின்மேல் புயற்காற்று வீசும்போது அது சாயாமலிருக்க, 200 டன் சிற்பத்துக்குக் கீழே 600 டன் கான்கிரீட் புதைந்திருக்கிறது. ஜானட் எக்கல்மன் இதற்கு நேர்மாறான வழியில் போனார்: காற்றை எதிர்க்காமல் அதோடு அசையும் வலைகள். 1997-இல் மாமல்லபுரத்துக்கு வந்திருந்தபோது, ஓவியம் வரைய அனுப்பியிருந்த வண்ணங்கள் வந்து சேராத நிலையில், கடற்கரையில் மீனவர்கள் குவித்துவைத்திருந்த வலைகளைக் கண்டதே தமக்குத் திருப்பமாயிற்று என்று அவர் கூறியிருக்கிறார். போர்ச்சுகலின் போர்ட்டோ கடற்கரையோரச் சந்தியில் 2005 முதல் தொங்கும் அவருடைய வலைச்சிற்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நின்ற இடத்தில் நின்று சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். காற்று மாறும்போதுதான் வடிவமும் மாறும்.

எப்போது போவது?

காத்திருந்து பார்க்க வேண்டிய படைப்புகள் நிறைய உண்டு. பிராக் நகரில் டேவிட் செர்னி 2014-இல் அமைத்த எழுத்தாளர் காஃப்காவின் தலை 42 எஃகு அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே சுழன்று முகம் கலைந்தும் கூடியும் வரும். முகம் கூடியிருக்கும்போது படமெடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள், கலைந்து கிடக்கும் நேரத்தைத்தான் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். நியூயார்க் யூனியன் சதுக்கத்தில் 1999 முதல் ஓடிய ‘மெட்ரோனோம்’ என்ற 15 இலக்க மின்கடிகாரத்தில், இடப்பக்கத்து எண்கள் நள்ளிரவிலிருந்து கடந்த நேரத்தையும், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய வலப்பக்கத்து எண்கள் அடுத்த நள்ளிரவுக்கு எஞ்சிய நேரத்தையும் காட்டின. இது புரியாமல் கடந்துபோனவர்கள் ஏராளம். 2020 செப்டம்பரில் அது காலநிலை மாற்றத்தைத் தடுக்க எஞ்சியுள்ள கெடுவைக் காட்டும் கடிகாரமாக மாற்றப்பட்டது.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்பெயினில் பில்பாவோ நகரின் குகன்ஹைம் அருங்காட்சியக வாசலில் நிற்கும் ஜெஃப் கூன்ஸின் ‘பப்பி’, உண்மையான பூச்செடிகளால் போர்த்தப்பட்ட 12 மீட்டர் உயர நாய்க்குட்டி. செடிகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் அக்டோபரிலும் மாற்றப்படுகின்றன. மாற்றும் நாள்களில் போனால் சாரக்கட்டைத்தான் பார்க்க நேரும். சிகாகோவில் ஜௌமே பிளென்ஸா 2004-இல் அமைத்த கிரௌன் நீரூற்றில், 15 மீட்டர் உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டில் ஏறத்தாழ 1,000 நகரவாசிகளின் முகங்கள் மாறி மாறித் தோன்றி, வாயிலிருந்து நீரைப் பீய்ச்சும். குளிர்காலத்தில் நீர் இல்லை, முகங்கள் மட்டுமே. கோடையில் போய், கால்மணி நேரம் முகங்களைப் பார்க்காமல் மக்களைப் பாருங்கள். நீர் எப்போது பாயும் என்று குழந்தைகள் முகக்குறிப்பைக் கொண்டே கணிப்பார்கள்.

தற்காலிகப் படைப்புகளுக்குத் தேதிதான் எல்லாம். கிறிஸ்டோவும் ஜான்-குளோதும் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்த 24 ஆண்டுகள் முயன்றார்கள். 1994-இல் நாடாளுமன்றமே 292-க்கு 223 என்று வாக்களித்து அனுமதித்தது. 1995-இல் போர்த்தப்பட்ட கட்டடம் இரண்டு வாரம் மட்டுமே இருந்தது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 2005 பிப்ரவரியில் 37 கிலோமீட்டர் நடைபாதையில் அவர்கள் நிறுத்திய 7,503 காவிநிறத் துணிவாயில்கள் 16 நாள்களில் அகற்றப்பட்டன. ஓலஃபுர் எலியாசன் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து, 2015 டிசம்பரில் பாரிஸின் பான்தியோன் சதுக்கத்தில் கடிகார வடிவில் அடுக்கிய 12 பனிப்பாறைகளுக்குத் தேதியைக்கூட வெப்பமே முடிவுசெய்தது. இத்தகைய படைப்பை ஒருமுறை மட்டும் பார்க்க முடியுமானால் முதல் நாள் கூட்டத்தைத் தவிர்த்து, நடுவில் ஒரு வாரநாளின் காலையில் போங்கள். இருமுறை முடியுமானால், இரண்டாம் முறை அகற்றிய மறுநாள் போய் வெற்றிடத்தைப் பாருங்கள்.

பிடிக்காவிட்டால்

நகரங்களில் நிற்கும் கலைப்படைப்புகளில் கணிசமானவை, கட்டி முடித்த கட்டடத்தின் முன் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக வாங்கி வைக்கப்பட்டவை. பளபளப்பும் பருமனும் அவற்றில் குறைவில்லை. நம் கேள்வியைக் கேட்டால் உடனே பிடிபட்டுவிடும்: வேறு எந்த வளாகத்தில் வைத்தாலும் அவை இதேபோலத்தான் இருக்கும். பெரிய கலைஞரின் பெயர் பலகையில் இருந்தாலும் அப்படிச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பார்வையில் பிடிக்காத ஒன்றை, வெயில் சாய்ந்த வேறொரு நேரத்தில், வேறொரு வழியாக வந்து மீண்டும் ஒருமுறை பார்த்த பிறகே ஒதுக்குங்கள்.

படம் எடுப்பதும் வெளியிடுவதும்

பொது இடத்தில் நிற்பதால் அதன் படத்தை எப்படியும் பயன்படுத்தலாம் என்று எண்ணுவது தவறு. படைப்பின் பதிப்புரிமை பெரும்பாலும் கலைஞரிடமே இருக்கும், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தின் படத்தைத் தாராளமாக வெளியிடலாம், ஆனால் சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் கட்டடங்களுக்கு மட்டுமே அச்சலுகை, சிற்பங்களுக்கு இல்லை. பிரான்சில் 2016-க்குப் பிறகு தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வெளியிட வழி ஏற்பட்டது. ஜெர்மனியில் சலுகை விரிவானதுதான் என்றாலும் நிரந்தரப் படைப்புகளுக்கே அது பொருந்தும். துணி போர்த்திய நாடாளுமன்றக் கட்டடம் தற்காலிகமானது என்பதால் அதன் படத்தை அனுமதியின்றி அஞ்சலட்டையாக விற்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சிகாகோவின் பிக்காசோ சிற்பமோ, உரிமைக் குறிப்பு இல்லாமல் அதன் வடிவம் முன்பே வெளியிடப்பட்டுவிட்டதால், எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்து என்று 1970-இல் தீர்ப்பாயிற்று. நண்பர்களோடு பகிர்வதற்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்திலோ விளம்பரத்திலோ விற்பனைப் பொருளிலோ படத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் கலைஞரிடமோ அவர் சார்பிலான உரிமை அமைப்பிடமோ எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். எந்தப் பயன்பாடானாலும், படத்தோடு கலைஞரின் பெயர், படைப்பின் பெயர், ஆண்டு, இடம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பலகையையும் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியிராது.